மாரடைப்புக்குப் பிறகு ஷாக்: கேத் லேப் இல்லாத இடத்தில் முதல் ஒரு மணி நேரம், அப்புறம் எந்தக் கருவி?

தாலுகாடூட்டி

எல்லாருக்கும் வணக்கம். மாரடைப்பால் இதயம் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் போகும் ஷாக் பற்றி ஒரு மாதிரி கேஸை வைத்துக் கேட்கிறேன். 58 வயது ஆண், 60 கிலோ. நெஞ்சுவலி ஆரம்பித்து 4 மணி நேரம். ஈசிஜியில் வி1 முதல் வி5 வரை எஸ்டி ஏற்றம், அதாவது இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு. பிபி 84/66, பல்ஸ் 118, கை கால் சில்லென்று வியர்த்திருக்கிறது, ஆக்சிஜன் 89, நெஞ்சின் பாதி வரை கரகர சத்தம். கேத் லேப் (அடைத்த இதயக் குழாயைத் திறக்கும் அறை) 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கேள்விகள்: சலைன் கொடுக்கலாமா? பிபியை ஏற்ற டோபமைனா, நார்அட்ரினலினா? ஷாக்கில் இருப்பவருக்கு லைசிஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து) கொடுப்பதில் அர்த்தம் உண்டா, இல்லை நேராக வண்டியில் ஏற்றிவிட வேண்டுமா? பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்துக்குத் துணை நிற்கும் கருவிகளில் பலூன் பம்ப், இம்பெல்லா, எக்மோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே, உண்மையில் எது உயிரைக் காப்பாற்றுகிறது?

இதயவால்வு

முதலில் அந்த 84/66-ஐப் பாருங்கள். எல்லாரும் 84-ஐப் பார்த்துப் பதறுவார்கள். எனக்கு 66-தான் கவலை. இரண்டுக்கும் இடைவெளி 18. அதை 84-ஆல் வகுத்தால் 21 சதவீதம். இந்த விகிதம் 25-க்குக் கீழே போனால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளும் ரத்தம் மிகக் குறைவு, கார்டியாக் இண்டெக்ஸ் (உடல் அளவுக்கு ஏற்ப இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்தம்) 2.2-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத கணக்கு இது.

புத்தக வரையறை: சிஸ்டாலிக் (மேல் எண்) 90-க்குக் கீழே அரை மணி நேரம், அல்லது 90-ஐத் தக்கவைக்கவே மருந்து தேவைப்படுவது. கூடவே உறுப்புகளுக்கு ரத்தம் போகவில்லை என்பதற்கான அடையாளம்: சில்லிட்ட கை கால், மணிக்கு 30 மில்லிக்குக் குறைவான சிறுநீர், குழப்பமான பேச்சு, லாக்டேட் (ஆக்சிஜன் போதாத திசுவில் சேரும் அமிலம்) 2-க்கு மேல். இந்த இரண்டாவது பாதிதான் நோய். பிபி 104/80 இருக்கும், ஆள் சில்லிட்டு லாக்டேட் 5 இருக்கும். ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்து உடம்பு அந்த 104-ஐக் காட்டுகிறது. ‘பிபி நல்லாத்தான் இருக்கு’ என்று வார்டில் விட்டுவிடுகிற கேஸ்கள் இவைதான். இரண்டு மணி நேரம் கழித்து மொத்தமாகச் சரியும்.

சலைன் விஷயம்: நுரையீரல் நிறையத் தண்ணீர் இருக்கும்போது அரை லிட்டர் ஓடவிட்டால் அவரை வெண்டிலேட்டருக்கு அனுப்புகிறீர்கள். உங்கள் கேஸில் வேண்டாம். கரகரப்பு இல்லாமல், கழுத்து நரம்பும் எழும்பாமல் இருந்தால் மட்டும் 250 மில்லி, அதுவும் பக்கத்தில் நின்றுகொண்டு.

சந்தேகப்பேர்வழி

டோபமைனை எல்லாரும் திட்டுகிறார்கள். ஆனால் சின்ன ஆஸ்பத்திரியில் அலமாரியில் இருப்பது அதுதான். சிஸ்டர்களுக்குக் கலக்கத் தெரிந்ததும் அதுதான். நடைமுறையைப் பேசுவோம்.

இதயவால்வு

நடைமுறையே பேசலாம் சார். 2010-ல் வந்த சோப்-2 ஆய்வில் எல்லா வகை ஷாக்கும் சேர்த்து 1679 பேர். டோபமைன் போட்டவர்களில் தாளம் தப்பியவர்கள் 24.1 சதவீதம், நார்அட்ரினலினில் 12.4. மொத்தமாகப் பார்த்தால் சாவில் வித்தியாசம் இல்லை. ஆனால் இதய ஷாக்கில் இருந்த 280 பேரைத் தனியாகப் பார்த்தபோது டோபமைன் பக்கம் சாவு கூடுதல். துணைக்குழு என்பதால் கல்வெட்டு இல்லைதான். ஆனாலும் ஏற்கெனவே ரத்தம் போகாத இதயத்தைக் குதிரை ஓட்டம் ஓடவைக்கும் மருந்தைத் தேடிப் போடக் காரணம் என்ன? வேறு ஒன்றுமே இல்லை என்றால் மட்டும் டோபமைன்.

அட்ரினலின் டிரிப்பும் இதே கதை. 2018-ல் மாரடைப்பு ஷாக்கிலேயே நார்அட்ரினலினோடு ஒப்பிட்டார்கள். 57 பேரோடு ஆய்வை நிறுத்த வேண்டி வந்தது. எதற்கும் அடங்காத ஷாக்குக்குப் போனவர்கள் அட்ரினலினில் 37 சதவீதம், நார்அட்ரினலினில் 7. அது லாக்டேட்டையும் தானே ஏற்றிவிடும், அப்புறம் ஷாக் மோசமாகிறதா மருந்தின் வேலையா என்று பிரித்தே பார்க்க முடியாது.

ராத்திரிஷிப்ட்

ஐசியூ நர்ஸ் பக்கத்திலிருந்து நார்அட்ரினலின் கலப்பது பற்றி. இங்கேதான் நிறையத் தப்பு நடக்கிறது.

ஆம்பியூல் லேபிளை முழுசாகப் படியுங்கள். பைடார்ட்ரேட் உப்பு 2 மி.கி. என்றால் அதில் உண்மையான நார்அட்ரினலின் பேஸ் 1 மி.கி. தான். ஒரு மில்லிக்கு உப்பு 2 மி.கி. உள்ள 2 மில்லி ஆம்பியூலில் பேஸ் 2 மி.கி. ஒருத்தர் உப்புக் கணக்கில் ‘4 மி.கி.’ என்று ஒரு ஆம்பியூல் போடுவார். அடுத்த ஷிப்ட்காரர் பேஸ் கணக்கில் இரண்டு போடுவார். சிரிஞ்ச் மாற்றியதும் பிபி திடீரென்று 150-க்குப் போகும். எல்லாரும் ‘பேஷண்ட் தேறிட்டார்’ என்று நினைப்பார்கள்.

அந்த ஆம்பியூல் இரண்டை எடுத்து 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் 50 மில்லி ஆக்கினால் பேஸ் 4 மி.கி., மில்லிக்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 4.5 மில்லி. 0.05-ல் ஆரம்பித்து, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றி, சராசரி அழுத்தம் 65-ல் நிறுத்துங்கள். 80, 85 என்று துரத்த வேண்டாம். அந்த எதிரழுத்தத்தைத் தாண்டி ரத்தம் தள்ளப் போவது அதே அடிபட்ட இதயம்தான். சிரிஞ்சில் மருந்தின் பேர் மட்டும் போதாது, ‘பேஸ் 80 மைக்ரோ/மில்லி’ என்றே எழுதி ஒட்டுங்கள்.

சென்ட்ரல் லைன் (கழுத்து, மார்பின் பெரிய நரம்பில் போடும் குழாய்) இல்லை என்று காத்திருக்கக் கூடாது. முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, முன்கையின் பெரிய நரம்பில் 18 அல்லது 20 நம்பர் கேனுலா போதும், சில மணி நேரம் தாங்கும். புறங்கையில் வேண்டாம். அதே கையில் பிபி கஃப் கட்டாதீர்கள். கஃப் இறுகும்போது மருந்து நின்று, விட்டதும் மொத்தமாகப் போகும். அரை மணிக்கு ஒருமுறை ஊசி முனையைத் தொட்டுப் பாருங்கள். தோல் வெளுத்து, கல் மாதிரி இருந்தால் வெளியே கசிகிறது. உடனே வேறு கைக்கு மாற்றுங்கள். பழைய கேனுலாவைப் பிடுங்குவதற்கு முன் அதன் வழியாகவே உறிஞ்சி எடுங்கள். ரத்தக்குழாயை விரிக்கும் ஃபென்டோலமின் இருந்தால் 5 முதல் 10 மி.கி.யை 10 மில்லி சலைனில் கலந்து சுற்றிலும் போடுவார்கள். பல இடங்களில் கிடைக்காது. அங்கே நைட்ரோகிளிசரின் களிம்பு தடவுவதும் உண்டு.

தாலுகாடூட்டி

நன்றி சிஸ்டர். இதயத்தின் தள்ளும் பலத்தைக் கூட்டும் டோபுட்டமின் எப்போது சேர்க்க வேண்டும்?

ராத்திரிஷிப்ட்

அழுத்தம் 65 வந்த பிறகும் கால் சூடாகவில்லை, சிறுநீர் இறங்கவில்லை என்றால். 250 மி.கி.யை 50 மில்லி ஆக்கினால் மில்லிக்கு 5 மி.கி. இதே ஆளுக்கு 5 மைக்ரோ என்றால் மணிக்கு 3.6 மில்லி. 2.5-ல் ஆரம்பியுங்கள். நார்அட்ரினலின் ஓடாமல் இதை மட்டும் போட்டால் ரத்தக்குழாய் விரிந்து பிபி இன்னும் இறங்கலாம்.

இதயவால்வு

சிஸ்டர் சொன்னதோடு ஒரு வரி. மில்ரினோன் நல்லதா டோபுட்டமின் நல்லதா என்ற சண்டைக்கு 2021-ல் 192 பேரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுதான். மில்ரினோன் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. ஷாக்கில் சிறுநீரகமே நின்றிருக்கும்போது அது உடம்பிலேயே தங்கிவிடும். தாலுகாவில் டோபுட்டமின் போதும்.

இனி லைசிஸ். இந்த நோயில் சாவைக் குறைப்பதாக முதலில் உறுதியானது அடைத்த குழாயைத் திறப்பதுதான். 1999-ல் ‘ஷாக்’ என்ற பெயரில் ஆய்வு, 302 பேர். 30 நாளில் சாவு, குழாயைச் சீக்கிரம் திறந்தவர்களில் 46.7 சதவீதம், முதலில் மருந்தால் நிலைப்படுத்தியவர்களில் 56, புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. ஆறு மாதத்தில் 50.3-க்கு எதிராக 63.1, தேறியது. அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷாக் என்றால் வலி தொடங்கி எத்தனை மணி ஆனாலும் கேத் லேபுக்கு அனுப்ப வேண்டியவர்தான், ‘12 மணி தாண்டிவிட்டது’ என்பதெல்லாம் இவருக்குப் பொருந்தாது.

ஆனால் 90 கிலோமீட்டர். வண்டி வந்து, ஏற்றி, ஓடி, அங்கே மேசையில் படுக்கவைத்துக் குழாயைக் கடக்கும்போது 120 நிமிடத்தைத் தாண்டிவிடும் என்றால், தடை ஒன்றும் இல்லாதவருக்கு லைசிஸ் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். ஷாக்கில் அது பலிப்பது குறைவு. கட்டிக்குள் மருந்தைத் தள்ளவே அழுத்தம் வேண்டும். அதனால்தான் முதலில் நார்அட்ரினலினை ஓடவிட்டு அழுத்தத்தை எடுத்த பிறகு லைசிஸ் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

டெனெக்டிப்ளேஸ் கிடைத்தால் அதையே எடுங்கள். 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி., 60 முதல் 70-க்குள் 35, 70 முதல் 80-க்குள் 40, 80 முதல் 90-க்குள் 45, அதற்கு மேல் 50. ஒரே தள்ளல். 75 வயது தாண்டியவருக்குப் பாதி. உங்கள் ஆளுக்கு 35. ஸ்ட்ரெப்டோகைனேஸ்தான் இருக்கிறது என்றால் 15 லட்சம் யூனிட், அரை மணி முதல் ஒரு மணி. அதுவே பிபியை இறக்கும், ஆகவே மெதுவாக, நார்அட்ரினலினை ஏற்றுவதற்குக் கை தயாராக இருக்கும்போது.

லைசிஸ் கொடுத்து ‘எஸ்டி இறங்குதா பார்ப்போம்’ என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்காதீர்கள். ஷாக்கில் அந்தக் காத்திருப்பே கிடையாது. மருந்து உள்ளே, வண்டி வெளியே.

சந்தேகப்பேர்வழி

லைசிஸ் கொடுத்துவிட்டால் கழுத்தில் சென்ட்ரல் லைன் போட முடியாது. அதையும் சொல்லுங்கள்.

மயக்கமருந்து

சரியான பாயிண்ட். அழுத்திப் பிடிக்க முடியாத இடத்தில், முக்கியமாக சப்க்ளேவியனில் (காலர் எலும்புக்கு அடியில்), குத்தவே கூடாது. தொடையில் ஐஎம் (தசை) ஊசியும் வேண்டாம். இரண்டு நல்ல கை நரம்பு, ஒரு ரேடியல் ஆர்ட்டீரியல் லைன் (மணிக்கட்டுத் தமனியில் பிபி பார்க்கும் குழாய்), சிறுநீர்க் குழாய் எல்லாவற்றையும் லைசிஸுக்கு முன் முடித்துவிடுங்கள். பத்து நிமிடத்து வேலை. ஆர்ட்டீரியல் லைன் போடத் தெரியாத இடத்தில் அதற்காகத் தாமதிக்க வேண்டாம்.

மூச்சுக்குழாயில் டியூப் போடுவது பற்றி யாரும் பேசவில்லை. இந்தக் கேஸில் ஆளைக் கொல்லக்கூடிய அடுத்த தருணம் அதுதான். மூச்சுக்குப் போராடுகிறவர் தன் அட்ரினலினில்தான் பிபியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் மயக்க மருந்து கொடுத்த நொடி அது போகும். நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ‘தேவைப்பட்டால் ஆரம்பிக்கலாம்’ என்பது கதைக்காகாது. புரோப்போஃபாலும் மிடசோலாமும் முழு டோஸில் வேண்டவே வேண்டாம். எட்டோமிடேட் கிலோவுக்கு 0.2 மி.கி., அல்லது கெட்டமின் 0.5. கெட்டமின் பிபி ஏற்றும் என்பதை நம்பி ஒரு மி.கி., இரண்டு மி.கி. தள்ளாதீர்கள். சேமிப்பு தீர்ந்துபோன உடம்பில் அது இதயத்தை நேராக அமுக்கும். தசை தளர்த்தி மாறாக முழு டோஸ்: ரோகுரோனியம் 1.2. ரத்தம் மெதுவாக ஓடுவதால் மருந்து போய்ச் சேரவே நேரமாகும், பொறுமையில்லாமல் இரண்டாவது டோஸ் போடக் கூடாது.

கையில் ஒரு சிரிஞ்ச் தயாராக இருக்கட்டும்: அட்ரினலின் 1 மி.கி.யை 100 மில்லி சலைனில் கலந்தால் மில்லிக்கு 10 மைக்ரோ. அழுத்தம் விழுந்தால் ஒரு மில்லி. டியூப் போன பிறகு பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5-ல் ஆரம்பியுங்கள், கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி மூச்சு. ஆம்பு பையை ஆவேசமாக அமுக்குகிறவரிடமிருந்து பையை வாங்கிவிடுங்கள். இடது இதயத்துக்கு பாசிட்டிவ் பிரஷர் நல்லது, வலது இதயத்துக்கு எதிரி.

கீழ்ச்சுவர்

வலது இதயம் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் முன்சுவர் கதை. ஈசிஜியில் 2, 3, ஏவிஎஃப் என்று கீழ்ச்சுவரில் ஏற்றம் இருந்து, பிபி இல்லாமல், கழுத்து நரம்பு எழும்பி, நுரையீரல் சுத்தமாக இருந்தால் அது வேறு நோய் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வி4 லீடை எடுத்து வலது பக்கம், ஐந்தாவது விலா இடைவெளியில் காலர் எலும்பின் நடுக்கோட்டில் ஒட்டுங்கள். 1 மி.மீ. ஏற்றம் இருந்தால் வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை) அடிபட்டிருக்கிறது. முதல் சில மணி நேரத்தில்தான் இது தெரியும், பிறகு மறைந்துவிடும். அதனால் கீழ்ச்சுவர் ஈசிஜி எடுக்கும்போதே சேர்த்து எடுத்துவிடுவது நல்லது.

நாக்குக்கு அடியில் நைட்ரேட், ஃப்யூரோசமைடு, மார்ஃபின் மூன்றும் விலக்கு. 250 மில்லி சலைன் பத்துப் பதினைந்து நிமிடத்தில். பிபி ஏறினால் இன்னொன்று. அரை லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர், அதோடு நிறுத்தம். ‘வலது இதய அடி என்றால் தண்ணீர் ஊற்று’ என்று படித்ததை வைத்து மூன்று லிட்டர் ஊற்றுகிறார்கள். வீங்கிய வலது அறை நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளும், இடது அறை நிரம்ப இடமே இருக்காது, பிபி இன்னும் விழும். துடிப்பு 40-ல் இருந்தால் அட்ரோபின் 0.6. கேட்கவில்லை என்றால் பேஸிங் (மின்தூண்டலால் துடிக்கவைப்பது). ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை தாளமின்றி நடுங்குவது) வந்தால் மருந்தைத் தேடாமல் மின்சார ஷாக் கொடுத்துத் தாளத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஏட்ரியத்தின் உதைதான் அவருக்கு மிச்சமிருக்கும் பம்ப்.

தாலுகாடூட்டி

மிகத் தெளிவு. இனி அந்தக் கடைசிக் கேள்வி, கருவி.

பம்ப்மேன்

பெர்ஃப்யூஷன் ஆள். கருவிகளை ஓட்டுகிறவன் என்பதால் ‘எல்லாம் போடு’ என்பேன் என்று நினைக்காதீர்கள்.

பலூன் பம்ப் (அயோர்டா எனும் பெருந்தமனிக்குள் ஊதிச் சுருங்கும் பலூன்): 2012, ஜெர்மனி, 600 பேர். 30 நாள் சாவு பலூனுடன் 39.7, இல்லாமல் 41.3. ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் வழக்கமாகப் போடுவது அதோடு முடிந்தது.

எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திரும்பத் தள்ளும் பம்ப்): 2023, 420 பேர். 30 நாள் சாவு எக்மோவுடன் 47.8, இல்லாமல் 49. அதுவும் ஒன்றுமில்லை. ஆனால் ரத்தக்கசிவு 23.4-க்கு எதிராக 9.6, கால் குழாய்ச் சிக்கல் 11-க்கு எதிராக 3.8.

இம்பெல்லா (இடது அறையிலிருந்து ரத்தத்தை இழுத்து அயோர்டாவுக்குத் தள்ளும் குட்டிப் பம்ப்): 2024, டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் சேர்ந்து செய்தது. 355 பேர். 180 நாளில் சாவு கருவியுடன் 45.8, இல்லாமல் 58.5. கருவி ஒன்று இந்த நோயில் உயிரைக் காப்பாற்றியதாகக் காட்டிய முதல் பெரிய ஆய்வு இது. விலை என்ன? டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 41.9-க்கு எதிராக 26.7. ரத்தக்கசிவு ஏறக்குறைய இரட்டிப்பு. கால் ரத்த ஓட்டம் தடைப்பட்டது 5.6-க்கு எதிராக 1.1.

சந்தேகப்பேர்வழி

அப்படியானால் எல்லா ஷாக்குக்கும் இம்பெல்லா என்று ஆகிவிடாதா? பல லட்சம் ரூபாய்க் கருவி. இந்த ஊரில் யாருக்குப் போடுவது?

பம்ப்மேன்

இல்லை. அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். எஸ்டி ஏறிய மாரடைப்பு மட்டும். இதயம் நின்று நினைவு திரும்பாமல் கிடந்தவர்கள் இல்லை, வலது இதயம் மொத்தமாகப் போனவர்கள் இல்லை. அப்படி வடிகட்டியதால் ஆட்களைச் சேர்க்கவே பத்து வருடம் ஆனது. நடைமுறையில் ஷாக்கோடு வருகிறவர்களில் பெரும்பகுதி அந்த வடிகட்டியில் தங்க மாட்டார்கள். நினைவோடு இருக்கும், இடது இதயம் மட்டும் விழுந்த, தொடைக் குழாய் நன்றாக உள்ள ஆளுக்கு, சேதம் முற்றுவதற்கு முன் போட்டால் பலன். லாக்டேட் 14 ஆன பிறகு கடைசி முயற்சியாகப் போட்டால் குடும்பத்துக்குக் கடன்தான் மிஞ்சும்.

போட்ட பிறகு என்ன கெடுகிறது என்று சொல்கிறேன். ரத்தத்தை இழுக்கும் வாய், வால்வுக்குக் கீழே 3.5 செ.மீ.யில் இருக்க வேண்டும். ஆளைப் புரட்டும்போது உள்ளே போய் மைட்ரல் வால்வு நாணில் சிக்கும், அல்லது அயோர்டாவுக்கு வெளியே வந்துவிடும். திரையில் சக்ஷன் அலாரம் வந்தால் வேகத்தை இரண்டு படி இறக்கி, எக்கோ (இதய ஸ்கேன்) வையுங்கள். தண்ணீர் குறைவா, வலது இதயம் ரத்தம் அனுப்பவில்லையா, இடம் மாறிவிட்டதா, மூன்றில் ஒன்று. வேகத்தை ஏற்றி அலாரத்தை ஜெயிக்கப் பார்த்தால் ரத்த அணு உடையும். சிறுநீர்ப் பையில் கட்டங்காப்பி நிறம் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். அந்த டயாலிசிஸ் எண்ணிக்கைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஷீத் (தொடைக் குழாயில் செருகும் உறை) தடிமன் 14 ஃப்ரெஞ்ச், கால் மெலிந்தவருக்குக் குழாயையே அடைத்துவிடும். மணிக்கு ஒருமுறை பாதத்தில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் கருவி) வைக்க வேண்டும்.

இதயவால்வு

பலூன் செத்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். இதயத்தின் பாகமே கிழிந்துபோகும் மெக்கானிக்கல் கேஸுக்கு இன்னும் வேண்டும்.

மாரடைப்பு வந்து முதல் நாளிலோ, அல்லது மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள்ளோ, தேறி வந்த ஆள் திடீரென்று ஷாக்குக்குப் போனால் ‘மறுபடி அடைத்துவிட்டது’ என்பதற்கு முன் எக்கோவை எடுத்து நெஞ்சில் வையுங்கள். மைட்ரல் வால்வைப் பிடிக்கும் பாப்பில்லரி தசை அறுந்திருக்கலாம், நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம், வெளிச்சுவரே கிழிந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் நிரம்பியிருக்கலாம். பின்-உட்பக்கப் பாப்பில்லரி தசைக்கு ஒரே ஒரு குழாயில்தான் ரத்தம் வருகிறது. அதனால் சின்னக் கீழ்ச்சுவர் மாரடைப்பிலும் அது அறுபடும். ‘சின்ன அட்டாக்தானே, இவ்வளவு ஷாக் ஏன்?’ என்று தோன்றும்போது அதுதான் துப்பு.

ஸ்டெதஸ்கோப்பை நம்பிவிடாதீர்கள். நடுச்சுவர் ஓட்டையில் கரடுமுரடான சத்தமும் கைக்கு அதிர்வும் கிடைக்கும். ஆனால் தசை அறுந்த மைட்ரல் கசிவில் இரண்டு அறை அழுத்தமும் சீக்கிரமே சமமாகிவிடுவதால் சத்தமே இல்லாமல் போகலாம். ஓட்டை சந்தேகம் என்றால் வலது ஏட்ரியத்திலும் நுரையீரல் தமனியிலும் ரத்தம் எடுத்து ஆக்சிஜன் பாருங்கள். 58-லிருந்து 79-க்கு ஏறினால் பதில் வந்துவிட்டது.

இவர்களுக்கு எதிரழுத்தத்தைக் குறைத்தால் ரத்தம் தப்பான பக்கம் போவது குறையும். பலூன் அதைச் செய்கிறது, அறுவைச் சிகிச்சை வரை தாங்கும்.

பம்ப்மேன்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலூன் நேரம் தப்பினால் உதவியே உபத்திரவம். அயோர்டா வால்வு மூடும்போது அலையில் தெரியும் நாட்ச்சில் (சிறு பள்ளத்தில்) ஊத வேண்டும், அடுத்த துடிப்புக்குச் சற்று முன் சுருங்க வேண்டும். சுருங்கத் தாமதித்தால் ஊதிய பலூனை எதிர்த்து இதயம் தள்ளுகிறது. 1:2-ல் (இரண்டு துடிப்புக்கு ஒருமுறை) வைத்து அலையைப் பாருங்கள். பலூன் உதவிய துடிப்பின் கடைசி அழுத்தம், உதவாத துடிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சரி என்றால் 1:1-க்குத் திரும்புங்கள். முனை இடது சப்க்ளேவியன் கிளைக்கு 2, 3 செ.மீ. கீழே. இடது மணிக்கட்டு நாடி போனால் மேலே ஏறிவிட்டது, சிறுநீர் திடீரென நின்றால் கீழே இறங்கிச் சிறுநீரகக் குழாயை மறைக்கிறதா பாருங்கள். ஹீலியம் குழாயில் துருப்பிடித்த மாதிரித் துகள் தெரிந்தால் பலூன் கிழிந்திருக்கிறது, உடனே நிறுத்தி எடுக்க வேண்டும். அயோர்டா வால்வு கசிவோ, அயோர்டா கிழிசலோ உள்ளவருக்குப் பலூன் கிடையாது.

எக்மோவுக்கு வந்தால், அது ரத்தத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. பலவீனமான இடது அறை அதை எதிர்த்து வால்வையே திறக்க முடியாமல் நிற்கும். ஆர்ட்டீரியல் அலை தட்டையாகி, சிஸ்டாலிக்குக்கும் டயாஸ்டாலிக்குக்கும் இடைவெளி 10-க்குக் கீழே போனால் உள்ளே ரத்தம் தேங்கி உறையப் போகிறது. பம்ப் வேகத்தைக் குறைப்பது, டோபுட்டமின், பலூன், இம்பெல்லா, ஏதோ ஒன்றால் அந்த அறையைக் காலி செய்ய வேண்டும். ஆர்ட்டீரியல் லைன் வலது கையில்தான். இதயம் தேறும்போது நோய்ப்பட்ட நுரையீரல் வழியாக வரும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் முதலில் போவது வலது கைக்கும் மூளைக்கும். இடது கையிலோ காலிலோ எடுத்த ரத்தம் 99 காட்டும். கேனுலா போட்ட காலுக்குக் கீழ்நோக்கி 6 முதல் 8 ஃப்ரெஞ்ச் தனிக் குழாய் போடாமல் விடுவது என் பார்வையில் மன்னிக்க முடியாதது.

சந்தேகப்பேர்வழி

கேத் லேபில் இன்னொன்று. மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தால் ‘வந்ததே வந்தோம், எல்லாத்தையும் முடிச்சுடலாம்’ என்பார்கள்.

இதயவால்வு

கூடாது. 2017, கல்ப்ரிட் ஷாக், 706 பேர். குற்றவாளிக் குழாயை (மாரடைப்பை உண்டாக்கியதை) மட்டும் திறந்தவர்களில் 30 நாளில் சாவு அல்லது டயாலிசிஸ் 45.9, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்தவர்களில் 55.4. மிச்சத்தை ஆள் தேறிய பிறகு பார்க்கலாம்.

தாலுகாடூட்டி

கடைசியாகச் சில்லறைக் கேள்விகள். துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால்? மாத்திரைகளை எப்படிக் கொடுப்பது? வண்டியில் அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கீழ்ச்சுவர்

பல்ஸ் 118 என்று பார்த்து மெட்டோபிரோலால் ஊசி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த 118-தான் அவருடைய ரத்த ஓட்டம். 2005-ல் சீனாவில் நடந்த கமிட் ஆய்வில் 45,852 பேர். ஆயிரம் பேருக்கு 5 மறு மாரடைப்பும் 5 வெண்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனும் தடுத்தது, 11 பேரைப் புதிதாக ஷாக்கில் தள்ளியது. டோபுட்டமின் நின்று, கால் சூடாகி, ஆள் உட்கார்ந்து சாப்பிடும் வரை மெட்டோபிரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் பக்கமே போகாதீர்கள். மெட்ஃபார்மினையும் நிறுத்துங்கள்.

மாத்திரை: ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தவர் என்றால் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் 14 மாத்திரைகளை, அதாவது ஆஸ்பிரின் 150 இரண்டு, குளோபிடோக்ரல் 75 நாலு, அட்டார்வாஸ்டாட்டின் 10 எட்டு, ஏற்கெனவே விழுங்கியிருக்கலாம். கேட்டுவிட்டுக் கொடுங்கள், இரட்டிப்பாகிவிடும். லைசிஸ் கொடுத்தால் குளோபிடோக்ரல்தான், டிகாக்ரெலர் வேண்டாம். ஷாக்கில் குடலுக்கே ரத்தம் போகாது, மாத்திரை வயிற்றில் அப்படியே கிடக்கும். மார்ஃபின் அதை இன்னும் தாமதமாக்கும். டியூப் போட்டவருக்குப் பொடித்து ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்).

மயக்கமருந்து

வண்டி: ஆக்சிஜன் கணக்கைப் போடுங்கள். முழு பி டைப் சிலிண்டர் ஏறக்குறைய 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம். 90 கிலோமீட்டர், வழியில் ரயில்வே கேட், ஊர்ச்சந்தை எல்லாம் சேர்த்தால் ஒற்றைச் சிலிண்டர் போதாது. டிஃபிபிரிலேட்டர் பேட் நெஞ்சில் ஒட்டியபடியே போகட்டும். பொட்டாசியம் 4-க்கு மேல் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் ‘எம்ஐ வித் ஷாக் அனுப்புறோம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வலி தொடங்கிய நேரம், லைசிஸ் கொடுத்த நேரம், நார்அட்ரினலின் எத்தனை மைக்ரோ, லாக்டேட், நினைவு இருக்கிறதா, எக்கோவில் வலது பக்கம் எப்படி. இந்த ஆறும் தெரிந்தால் அங்கே கருவியைப் பற்றி வண்டி வருவதற்கு முன்பே முடிவெடுக்க முடியும். ஈசிஜியையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவசர வார்டில் இறக்காமல் நேராக கேத் லேப் மேசைக்கு என்பதையும் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ராத்திரிஷிப்ட்

சிரிஞ்ச் பம்ப் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று ஏற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பழைய பம்புகளில் திரையில் முழு பேட்டரி காட்டும், இருபது நிமிடத்தில் அணைந்துவிடும். இரண்டாவது நார்அட்ரினலின் சிரிஞ்சை இங்கேயே கலந்து, லேபிள் ஒட்டி, பம்புக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். 4.5 மில்லி என்றால் 50 மில்லி பதினோரு மணி நேரம் வரும் என்று கணக்குப் பார்த்து விட்டுவிடாதீர்கள். வழியில் தேவை மூன்று மடங்கு ஆகலாம், ஓடும் வண்டியில் ஆம்பியூல் உடைத்துக் கலப்பது ஆகாத காரியம்.

தாலுகாடூட்டி

பம்ப் இரண்டு இருக்கிறது, இரண்டையும் இன்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுகிறோம். கலவை அட்டவணையை 50, 60, 70 கிலோவுக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டப் போகிறேன். சிஸ்டர், 50, 70-க்கான எண்களைச் சரிபார்க்கவும்: 80 மைக்ரோ கலவையில் 0.1-க்கு மணிக்கு 3.75, 5.25.

ராத்திரிஷிப்ட்

சரிதான். அட்டவணையின் தலைப்பிலேயே ‘பேஸ்’ என்று பெரிதாகப் போடுங்கள். ஸ்டோரில் கம்பெனி மாறி ஆம்பியூல் வரும் அன்றைக்கு அட்டவணையை மறுபடி லேபிளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.